பாண்டியம்மாக்காவுக்குப் பதினோரு பாட்டில் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, எங்கள் கல்லூரி வராண்டாவில் இரண்டு பையன்கள் ஒரு விளக்குமாற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒருவன் கையில் விளக்குமாற்றின் அடி. இன்னொருவன் கையில் நுனி.

"விடுங்க பிரதர், நான் கூட்டுறேன்."

"பரவால்ல பிரதர், நீங்க உக்காருங்க. நான் கூட்டுறேன்."

இவ்வளவு மரியாதையான சண்டையை நான் பார்த்ததில்லை. நடுவில், விளக்குமாற்றின் சொந்தக்காரரான பாண்டியம்மாக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். பதினைந்து வருஷமாக அந்த வராண்டாவைக் கூட்டுகிறவர்.

"எப்பா, எம் வெளக்கமாத்தக் குடுங்கப்பா. எனக்கு மாடியில வேற சோலி கெடக்கு."

"அக்கா, நீங்க மொதல்ல தண்ணி குடிங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெண் பாட்டிலை நீட்டினாள். அது பதினோராவது பாட்டில். மற்ற பத்தும் பாண்டியம்மாக்காவின் காலடியில் வரிசையாக இருந்தன.

என்ன கூத்து இது என்று கேட்கிறீர்களா? எல்லாம் நான் செய்த வினை. அதுவும் நான் வாரா வாரம் எழுதுகிற இதே பக்கத்தில், உங்கள் கண் முன்னால் செய்த வினை.

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். அம்மா போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவர். அப்பா அதே குடோனில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இன்றைக்கு மலையடிவாரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னாலஜிக்கு ட்யூட்டர். 'இதை வாரா வாரம் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிவிடுகிறீர்கள்' என்று ஒரு வாசகர் சலித்துக்கொண்டு எழுதியிருந்தார். சொல்லத்தான் செய்வேன் ஐயா. எங்கள் வீட்டில் இதைச் சொல்ல இதுவரைக்கும் வேறு ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

டாக்டர் சீட்டுக்கு எங்கள் கல்லூரியில் இன்டர்வியூ கிடையாது. அது மார்க், கவுன்சலிங் என்று தனி ரூட். ஆனால் டயாலிசிஸ், எக்ஸ்ரே, லேப் மாதிரியான படிப்புகளுக்கு இன்டர்வியூ உண்டு. உள்ளே ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம். வெளியே காத்திருப்பது மூன்று மணி நேரம். இன்டர்வியூ எடுக்கிற எங்கள் மேடம் சில வருஷத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உள்ளே எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான். வெளியே எப்படி இருக்காங்கன்னு நீ உக்காந்து பாரு. பத்துக்கு மார்க் போடு."

அன்றிலிருந்து இன்டர்வியூ நாளில் நான் சாதாரணச் சேலையில், யாருக்கோ துணைக்கு வந்த அக்கா மாதிரி வராண்டாவில் இருப்பேன். மடியில் ஒரு பத்திரிகை. பத்திரிகைக்குள் ஒரு தாள். தாளில் மூன்று கட்டம் — பொறுமை, பணிவு, உதவும் மனம்.

போன வருஷம் ஒரு பெண், கூட்டிக் களைத்து நின்ற பாண்டியம்மாக்காவுக்குத் தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தாள். பத்துக்குப் பத்து போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இங்கே வந்து உங்களிடம் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். 'நிஜமான இன்டர்வியூ கதவுக்கு வெளியேதான் நடக்கிறது' என்று முடித்தேன். எழுதி முடித்ததும் எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போனது.

போடியில் ஒரு டியூஷன் மாஸ்டருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. அதை வெட்டி, லேமினேட் செய்து, வகுப்பறையில் மாட்டிவிட்டார். அது மட்டுமா? 'வெளியே நடந்துகொள்வது எப்படி' என்று சனிக்கிழமைகளில் தனி வகுப்பே எடுத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும்.

நல்ல வேளை, இந்தப் பக்கத்தில் என் போட்டோ கிடையாது. ஓவியர் வரைந்த படம்தான். அதில் எனக்கு மூக்குக் கண்ணாடியும் இடுப்பு வரை பின்னலும் இருக்கின்றன. நிஜத்தில் இரண்டும் இல்லை. ஆக, யாரோ ஒருவர் கவனிக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். யார் என்று தெரியாது. அப்புறம் என்ன... கண்ணில் பட்ட எல்லோருக்கும் சேவை.

வாட்ச்மேன் நாற்பது தடவை குட் மார்னிங் வாங்கினார். பதினைந்தாவது தடவைக்கு மேல் அவர் கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டீக்காரரிடமிருந்து டிரேயை மூன்று பேர் வாங்கியதில் பாதி டீ தரைக்குப் போனது. ஒரு பையன் ஆபீஸ் ரூம் கதவை இருபது நிமிஷம் திறந்து பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளே போகவும் ஆளில்லை, வெளியே வரவும் ஆளில்லை. ஏசி போகிறது என்று கிளார்க் வந்து திட்டினார். "தேங்க்யூ சார்" என்றான். எங்கள் வராண்டா நாய் பிஸ்கட் தின்று தின்று, கடைசியில் பிஸ்கட்டைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொண்டது.

உச்சம் எது தெரியுமா? நாற்காலி.

வராண்டாவில் நாற்பது நாற்காலி போட்டிருந்தோம். நாற்பதும் காலி. வந்திருந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஆளாளுக்கு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்ததில் உட்கார ஆளே மிஞ்சவில்லை. நான் மட்டும் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வேனே... நானும் நின்றேன். கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது.

பாண்டியம்மாக்கா ஒருவழியாக விளக்குமாற்றை மீட்டுக்கொண்டு என் பக்கம் கூட்டுகிற மாதிரி வந்தார்.

"ஏத்தா, போன வருசம் என்னையப் பத்தி என்னமோ எழுதுனியாமே. தண்ணி கெடைக்காமத் தவிச்சுக் கெடக்குறவன்னா எழுதிவச்ச?"

"மெதுவாக்கா. கேட்டுரப் போகுது."

"பதினொரு பாட்டில் தண்ணி. குடிச்சா நான் வராண்டாவுக்கும் பாத்ரூமுக்கும் நடக்கத்தான் சரியா இருக்கும்."

பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஒரு ஜீப்பு வந்து நின்றது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், எஸ்டேட்டில் இருந்து ஆள் இறக்குகிற ஜீப்பு. மண் அப்பியிருந்தது. ஒரு பெண் இறங்கினாள். பின்னாலேயே டிரைவர். ஐம்பது வயசிருக்கும், கண் இரண்டும் சிவப்பு.

டிரைவர் வராண்டாவைப் பார்த்தார். நிற்கிற முப்பத்தொன்பது பேரைப் பார்த்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"என்னப்பு, சேருக்கெல்லாம் பெயிண்டு அடிச்சிருக்கா?"

"இல்லண்ணே. நீங்க உக்காருங்கண்ணே" என்று பத்துப் பதினைந்து குரல்.

"அப்ப நீங்க ஏன் நிக்கிறீக?"

அவர் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கை மிளகாய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். இந்த வராண்டாவில் காலையிலிருந்து இயல்பாக ஏதாவது செய்த முதல் ஆள் அவள்தான். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பெயர் சுகன்யா. டயாலிசிஸ் படிப்புக்கு வந்திருந்தாள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்று அதில் ஒரே ஒரு இலவச சீட் உண்டு. அதற்குத்தான்.

"ஏன் டயாலிசிஸ்?"

"எங்க எஸ்டேட்டுல ரெண்டு பேரு அதுக்காக வாரத்துக்கு ரெண்டு தடவ கீழ வர்றாங்கக்கா. பதினேழு வளைவு எறங்கி, பதினேழு வளைவு ஏறணும். மாயாண்ணே ஜீப்புதான்." டிரைவரைக் காட்டினாள். "நான் தொணைக்கு வருவேன். அந்த மிஷினப் பாத்துப் பாத்து, நாமளே ஓட்டலாமேன்னு தோணுச்சு."

"கெடைக்கலேன்னா?"

"திங்கக்கிழமை காய் எடுக்கப் போகணும். அம்மாவுக்கு இடுப்பு முடியல. அம்மா பேருக்குப் பதிலா எம் பேரக் கங்காணி எழுதிட்டாரு." கிழங்கை மென்றபடியே சொன்னாள். "ஒருக்காப் பேர் ஏறிட்டா எறங்காதுக்கா. எங்க லயத்து வீடுகள்ல யாருக்கும் எறங்குனதில்ல."

என் அம்மா ஏலக்காய் பொறுக்குகிற குடோனுக்கு வருகிற காயை, மேலே நின்று எடுக்கிறவர்கள் இவர்கள். ஆனால் என் தாள் என் தாள்தானே. எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்துவிட்டாள் — பணிவு குறைவு. யாருக்கும் ஒரு கை உதவவில்லை. மூன்று என்று போட்டேன். போடும்போது மனசுக்குள் அவளைத் திட்டினேன். ஏ பிள்ளே, எழுந்து போய்ப் பாண்டியம்மாக்காவுக்குப் பன்னிரண்டாவது பாட்டிலைக் கொடுத்தால் என்ன?

சாப்பிட்டுவிட்டு, சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க அவள் போனாள். மாயாண்ணே அதற்குள் தூங்கியிருந்தார். விடியற்காலையில் கிளம்பி வளைவு வளைவாக இறக்கிய மனுஷன். தலை பின்னால் சாய்ந்து, வாய் பாதி திறந்து, நல்ல குறட்டை.

"அதான் டெஸ்ட்டு" என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"எது?"

"அந்த ஆளுதான். மாஸ்டர் சொன்னாருல்ல, நோயாளி மாதிரி ஒருத்தர உக்கார வப்பாங்கன்னு. எப்படி நடிக்கிறாரு பாரு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் மாயாண்ணேயைச் சுற்றிக் கூட்டம். ஒருவன் நாடி பார்த்தான், முழங்கையில். ஒருத்தி தன் சர்டிபிகேட் ஃபைலால் விசிறினாள். ஒருவன் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தான்.

கௌதம் என்று ஒரு பையன். போடியில் ஏலக்காய் வியாபாரி மகன். டியூஷன் மாஸ்டரின் முதல் மாணவன் என்று காலையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவன் குனிந்து, "சார், உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றான்.

குறட்டை பதில் சொன்னது.

"மூச்சு விடச் செரமப்படுறாரு. நகருங்க, காத்து வரட்டும்" என்றான் கௌதம். யாரும் நகரவில்லை. நகர்ந்தால் மார்க் போய்விடுமே.

சரி, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இந்த மனுஷன் தூங்குகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். அதனால் எழுதிக்கொண்டிருந்தேன். உதவும் மனம் — பத்து. உதவும் மனம் — பத்து. உதவும் மனம்...

கௌதம் மாயாண்ணேயின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான். வாய் நன்றாகத் திறந்தது. தன் இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறந்து சாய்க்கப் போனான்.

ஜெராக்ஸோடு வந்த சுகன்யா அதைப் பார்த்தாள். ஜெராக்ஸ் ஒரு பக்கம் பறந்தது. கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்து இடித்து நுழைந்து, பாட்டிலைப் பிடுங்கினாள். பாதித் தண்ணீர் கௌதமின் வெள்ளைச் சட்டையில்.

"கிறுக்கா ஒனக்கு? கையெடுடா. அவரு கடைவாயில காய் கெடக்கு. தண்ணிய ஊத்துனா தொண்டையில போயி அடைக்கும்."

மலை ஜீப்பு ஓட்டுகிறவர்களின் பழக்கம் இது. முதல் வளைவில் ஒரு ஏலக்காயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். தூக்கமும் வராது, தலையும் சுற்றாது என்பார்கள். கீழே வந்து சேர்ந்த பிறகு அது வாயில் இருப்பதே பல பேருக்கு மறந்துபோகும். போடிக்காரியான எனக்கு இது தெரியாதா? தெரியும். தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

சத்தத்தில் மாயாண்ணே விழித்தார். சுற்றி இருபது முகங்கள், ஒன்றும் தெரிந்த முகம் இல்லை.

"வளைவுல விட்டுட்டனா? வண்டி எங்க? பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லண்ணே. தூங்கிட்டீங்க" என்றாள் சுகன்யா.

அவர் காலைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். "மதி, மதி. போதும், விடு அப்பு" என்று மலையாளமும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு, கடைவாயில் விரலை விட்டு ஏலக்காயை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். முழுசாக இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

கௌதம் மட்டும் குனிந்து பார்த்து, தன்னையறியாமல், "எட்டு எம்எம் காய்" என்றான். ஏலத்தில் முதல் தரக் காயின் அளவு அது.

கூட்டம் கலைந்தது. விசிறிய பெண், சுகன்யாவின் ஜெராக்ஸைப் பொறுக்கிக் கொடுத்தாள். நிஜமாகவே பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீ கத்தியிருக்கக் கூடாதுப்பா. இங்க யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்க. வெளிய இருக்கிறதுக்கும் மார்க் உண்டு."

சுகன்யாவின் முகம் அப்போதுதான் மாறியது. "யாரு?"

"அது தெரியாது."

அவள் கையில் கௌதமின் பாட்டில் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதத் திருப்பிக் குடுத்துட்டா மார்க்கத் திருப்பிப் போடுவாங்களா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்க் கொடுத்தாள். அவன் சொட்டச் சொட்ட நின்றபடி, "பரவால்லங்க, வச்சுக்கங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் நான் பத்து போட வேண்டியிருந்தது.

மாயாண்ணேக்குக் கூச்சமாகிவிட்டது. "எனக்காக இத்தன பிள்ளைக நின்னுருக்கீக" என்று சட்டைப் பையில் இருந்து ஏலக்காயை அள்ளி ஆளுக்கொன்று கொடுத்தார். கௌதம் வாங்கினான். நகத்தால் தோலைப் பிளந்தான். உள்ளே இருந்த விதை அரிசியின் நிறத்தைப் பார்த்தான். முகர்ந்தான். பிறகு மொத்தத்தையும் தரையில் போட்டான்.

போடி ஏல ஹாலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அங்கே வியாபாரிகள் சாம்பிள் காயை எடுத்து, பிளந்து பார்த்து, அப்படியே காலடியில் விடுவார்கள். தட்டில் திருப்பிப் போடுகிற வழக்கம் கிடையாது. அப்பாவின் கைப்பழக்கம் மகனுக்கு வந்திருக்கிறது. ஆனால் அவன் போட்ட இடம் பாண்டியம்மாக்கா அந்த நிமிஷம்தான் கூட்டி முடித்த இடம். அவர் எதிரிலேயே நின்றார்.

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். சட்டென்று மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தான். பணிவு மார்க் அவனுக்கு மட்டும் கிடைத்துவிடக் கூடாதே... மற்றவர்களும் மண்டியிட்டார்கள். ஒரு ஏலக்காய்த் தோலுக்கு முப்பத்தொன்பது பேர்.

பாண்டியம்மாக்கா விளக்குமாற்றைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எந்திரிங்க எல்லாரும். வெரசாப் போயி சேருல உக்காருங்க. இனி எவனாச்சும் எந்திரிச்சீங்க, மார்க்கக் கொறச்சுப்புடுவேன்."

அடுத்த நொடி நாற்பது நாற்காலியும் நிறைந்தது.

இவர்தான் மார்க் போடுகிற ஆள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அதன் பிறகு பன்னிரண்டு மணி வரைக்கும் ஒரு இருமல் சத்தம் கூட இல்லை. பாண்டியம்மாக்கா நிம்மதியாகக் கூட்டினார். போகிற போக்கில் என்னைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார். மூன்று வருஷமாக நான் பார்க்கிற வேலையை அவர் மூன்று நொடியில் முடித்துவிட்டார்.

கடைசி ஆளாகச் சுகன்யாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், நான் தாளோடு உள்ளே போனேன்.

"முப்பத்தொன்பது பேருக்குப் பத்துக்குப் பத்து மேடம். ஒரு பொண்ணுக்கு மட்டும் மூணு."

"அப்ப அந்த ஒண்ண விட்டுரலாம்."

"அந்த ஒண்ண எடுத்துக்கங்க மேடம்."

நடந்ததைச் சொன்னேன். மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பையன் தண்ணி ஊத்தப் போனப்ப நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதான் மேடம்."

"என்ன செஞ்சே?"

"மார்க் போட்டுக்கிட்டு இருந்தேன்."

மேடம் தாளை வாங்கினார். மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி இருந்தது. "உள்ளே கேக்கறத வச்சே பாத்துக்கலாம். நீயும் இங்கேயே உக்காரு."

சுகன்யா வந்தாள். எல்லோரிடமும் கேட்டதை அவளிடமும் கேட்டார்கள். ரத்தம் எப்படிச் சுத்தமாகிறது, பிரஷர் இறங்கினால் நோயாளியிடம் என்ன தெரியும்... மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் மாதிரியே சொன்னாள். எழுந்திருக்கும்போது மேடம் கேட்டார்.

"வெளியே கத்தினியாமே. மெதுவா எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் அவள் கிழங்கு தின்னும்போது பேச்சுக் கொடுத்த அக்கா ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

"மெதுவாச் சொல்ல நேரமில்ல மேடம்" என்றாள்.

மேடம் பேனாவை மூடினார்.

நான்கு மணிக்கு லிஸ்ட் ஒட்டினோம். கௌதமுக்கு எக்ஸ்ரே கிடைத்தது. நல்ல பையன்தான், பாட்டில் இல்லாதபோது. டயாலிசிஸ் இலவச சீட்டில் ஒரே பெயர். மாயாண்ணே தனக்குக் கண்ணாடி இல்லை என்று என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு போனை எடுத்து மேலே எஸ்டேட்டுக்குப் பேசினார்.

"கங்காணியண்ணே, மாயாண்டி பேசுறேன். திங்கக்கிழமை லிஸ்ட்டுல நம்ம சுகன்யா பேரு இருக்குல்ல... அத அடிச்சிருங்க. ஆமா. நல்லா அழுத்தி அடிங்க."

இனி வெளியே மார்க் கிடையாது, நாற்காலி மட்டும்தான் என்று மேடம் சொல்லிவிட்டார். ஆகவே டியூஷன் மாஸ்டர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். தயவுசெய்து இந்த வாரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். அடுத்த வருஷம் நாற்பது பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு கத்தினால், பாண்டியம்மாக்கா விளக்குமாற்றோடு நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்.